ஞானப்பல் சத்திரசிகிச்சை: பெரியாஸ்பத்திரியா, தனியாரா, கொழும்பா, சென்னையா?

"ஞானப்பல்லை வெட்டித்தான் எடுக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம், எங்கே செய்யிறது?" இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் பல பேரிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. பரீட்சை நெருங்குகிற பல்கலைக்கழக மாணவர் கேட்கிறார், சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்காக மகன் கேட்கிறார், கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்கச் சென்னைக்குப் போகிறபோது பல்லையும் அங்கேயே பார்த்துவிடலாமா என்று ஒரு குடும்பம் கேட்கிறது. எல்லோருக்கும் முதலில் தெரியவேண்டியது எவ்வளவு காசு முடியும் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேறு இரண்டு விஷயம் தெரியவேண்டும்: உங்கள் பல் தாடைக்குள் எப்படிக் கிடக்கிறது, பல்லை எடுத்த மூன்றாம் நாள் நீங்கள் எங்கே இருப்பீர்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் இடத்தைத் தெரிவு செய்கிறவர்கள்தான் கடைசியில் இரண்டு தடவை காசு கட்டுகிறார்கள்.

தொகை எதையும் இங்கே எழுதவில்லை. நேராக முளைத்த பல்லுக்கும் எலும்புக்குள் கிடையாகக் கிடக்கிற பல்லுக்கும் ஒரே வைத்தியரிடமே பல மடங்கு வித்தியாசம் வரும், ஒரு எண்ணை எழுதினால் அது உங்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக எந்தெந்தச் செலவுகள் சேர்ந்து அந்த எண் வருகிறது என்று பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது பல்லின் நிலை. ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வருகிறது. தாடையில் இடம் போதாவிட்டால் சரிந்தோ, கிடையாகவோ, பாதி முரசுக்குள்ளேயோ நின்றுவிடும். மேல் ஞானப்பல் பெரும்பாலும் வெட்டாமலே கழன்று வரும். சிக்கல் கீழ்ப்பல்லில்தான், ஏனென்றால் கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருகிற நரம்பு கீழ்த் தாடை எலும்புக்குள்ளால், அந்தப் பல்லின் வேர்களுக்குக் கிட்டப் போகிறது. நாக்குக்குப் போகிற நரம்பும் உள்பக்கத்தில் அருகிலேயே ஓடுகிறது. பல்லுக்கும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை வாயைத் திறந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஓபிஜி என்கிற, முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டுகிற எக்ஸ்ரே வேண்டும். அதில் படுகிற கதிர்வீச்சு, சும்மா இருந்தாலே இரண்டு மூன்று நாளில் நம் உடம்பில் படுகிற அளவுதான், பயப்படத் தேவையில்லை. வேர் நரம்போடு ஒட்டியிருப்பது போல் ஓபிஜியில் தெரிந்தால் மட்டும் முப்பரிமாண ஸ்கான் கேட்பார்கள்.

ஆகவே முதலில் படம், பிறகு இடம். படம் எடுக்காமல் ஒரு இடத்தில் விலை சொன்னால் அது வெறும் ஊகம்.

இரண்டாவது உங்கள் உடம்பு. சீனி, பிரஷர், இருதய வால்வு வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வார்பரின், அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற குளிசைகள், எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று போடுகிற அலென்ட்ரோனேற் குளிசை. இவற்றில் எது இருந்தாலும் நீங்கள் செய்கிற இடம் மாறலாம். வார்பரினையோ அஸ்பிரினையோ பல் எடுக்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்துவதால் வருகிற பக்கவாதமும் மாரடைப்பும் கொஞ்ச இரத்தக்கசிவை விட எவ்வளவோ மோசமானவை. வார்பரின் குடிக்கிறவர்களுக்கு ஐஎன்ஆர் இரத்தப் பரிசோதனையைக் கிட்டிய நாளில் செய்து பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அலென்ட்ரோனேற் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் அந்தக் குளிசைக்கு உண்டு.

மூன்றாவது எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பது. நான்காவது மொத்தச் செலவு, அதாவது பில்லில் வராத சம்பள இழப்பு, போக்குவரத்து, கூட வருகிற ஆளின் செலவு எல்லாம் சேர்த்து. ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: பல் எடுத்த பிறகு வருகிற பத்து நாளில் ஏதாவது ஒன்று என்றால் எடுத்த வைத்தியரிடமே திரும்பப் போக முடியுமா?

## அன்றைக்கும் அதற்குப் பிறகும் என்ன நடக்கும்

எந்த இடத்தில் செய்தாலும் வேலை ஒன்றுதான். விறைப்பு ஊசி போட்டு, முரசைக் கொஞ்சம் வெட்டி விலக்கி, பல்லை மூடியிருக்கிற எலும்பைத் தண்ணீர் பீச்சியபடி கடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுத்து, தையல் போடுவார்கள். அரை மணித்தியாலத்தில் முடிகிற பல்லும் உண்டு, ஒரு மணித்தியாலம் எடுக்கிற பல்லும் உண்டு. அழுத்தமும் சத்தமும் தெரியும், கூரான நோ தெரியக்கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள், இன்னும் ஊசி போடலாம், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கத் தேவையே இல்லை. முழு மயக்கம் பெரும்பாலானவர்களுக்கு அவசியமில்லை. பல் மிக ஆழத்தில் இருந்தால், நாலையும் ஒரே நாளில் எடுப்பதானால், அல்லது பயத்தில் கதிரையிலேயே இருக்க முடியாதவர்களுக்கு அதைச் சொல்வார்கள். முழு மயக்கம் என்றவுடன் செலவின் உருவமே மாறிவிடும்: மயக்க மருந்து நிபுணர், சத்திரசிகிச்சைக்கூடம், இரத்தப் பரிசோதனைகள், ஈசிஜி, விடுதியில் ஒரு கட்டில், மயக்கத்துக்கு முந்தின ஆறு மணித்தியாலம் சாப்பாடில்லாமல் இருப்பது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள். தனியாரில் மலிவாகத் தெரிந்த விலை இந்த இடத்தில்தான் ஏறும்.

பிறகு வருகிற நாட்கள்தான் பலருக்குத் தெரியாமல் இருக்கின்றன. வீக்கம் அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் கூட. வாய் ஒன்றிரண்டு விரல் அளவுதான் திறக்கும், அது ஒரு கிழமையோ அதற்கு மேலோ எடுக்கலாம். முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ ஸ்ட்ரோவால் உறிஞ்சவோ கூடாது, அந்தக் குழியில் உறைகிற இரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரால் மெதுவாக. சாப்பாட்டுக்கு ஆறின கஞ்சி, சொதியில் நல்லாய் ஊறவிட்ட இடியப்பம், தயிர்ச்சோறு, ஐஸ்கிரீம் எல்லாம் சரி. புட்டு வேண்டாம், அந்தச் சிறு மணிகள் குழிக்குள் போய் இருந்துகொள்ளும். சிகரெட், சுருட்டு, வெற்றிலை மூன்றும் குறைந்தது ஒரு கிழமைக்கு இல்லை.

இரண்டாம் நாள் குறைந்துகொண்டு வந்த நோ மூன்றாம் நாளோ நாலாம் நாளோ திடீரென்று காதுவரைக்கும் இழுத்தால் இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று அர்த்தம். கீழ் ஞானப்பல்லில் இது அபூர்வமில்லை, புகைப்பவர்களுக்கு இன்னும் கூட. அன்ரிபயோற்றிக்கைக் கூட்டிக் குடிப்பதால் இது மாறாது. குழியைக் கழுவி மருந்து வைத்துவிட்டால் சில மணித்தியாலத்திலேயே ஆறுதல் தெரியும், ஆனால் அதைச் செய்ய ஒரு வைத்தியர் கிட்ட இருக்கவேண்டும். மூன்றாம் நாள் எங்கே இருப்பீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். கீழ் உதட்டில் விறைப்பு மாறாமல் நிற்பதும் சிலருக்கு வரும். பெரும்பாலும் கிழமைகளிலோ மாதங்களிலோ மாறிவிடும், நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த அபாயம் கூடும், அப்படிப்பட்ட பல்லில் வேரை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கிற முறையும் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மாரி காலத்தில், டெங்கு பரவுகிற நேரத்தில், பல் எடுத்த பிறகு காய்ச்சல் வந்தால் "பல்லுக் காய்ச்சல்தானே" என்று இபுபுரொபனையோ டைக்குளோபினக்கையோ தொடர்ந்து போடாதீர்கள். டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் பெரியவர்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் இல்லை, வைத்தியரிடம் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், எச்சில் விழுங்கக் கஷ்டமானால், மூச்சு முட்டினால் விடியும்வரை பொறுக்கவேண்டாம். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

## இப்போதைக்கு விட்டுவிடுவது

இதையும் ஒரு தெரிவாகத்தான் எண்ணவேண்டும். நோவில்லாத, பக்கத்துப் பல்லைக் கெடுக்காத, படத்தில் கட்டியோ சூத்தையோ தெரியாத ஞானப்பல்லை முற்காப்புக்காக எடுக்கத் தேவையில்லை என்று பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டல் வெளியிட்டது. ஒரு தடவை முரசு வீங்கி, கழுவி மருந்து குடித்தவுடன் மாறினால், அதற்காக அவசரப்பட்டு வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் விடுவதற்கும் செலவுண்டு. திரும்பத் திரும்ப முரசு வீங்கினால், ஒவ்வொரு தடவையும் அன்ரிபயோற்றிக்கும் லீவும். சரிந்த ஞானப்பல் பக்கத்துக் கடைவாய்ப் பல்லில் சூத்தையை உண்டாக்கினால் நல்ல பல்லும் சேர்ந்து போகும், அதன் வேர்ச் சிகிச்சைக்கு ஞானப்பல்லுக்கு முடிகிறதை விடக் கூடவே முடியலாம். வயது போகப் போக எலும்பு இறுகி, ஆறுவதும் மெதுவாகும். இருபதுகளில் இருக்கிறவருக்கு மூன்று தடவை வீங்கிவிட்டது என்றால் நான் எடுக்கத்தான் சொல்வேன். ஐம்பது வயதில் ஒரு நாளும் தொந்தரவு தராத பல்லென்றால் வருடத்துக்கொரு தடவை காட்டிக்கொண்டு விட்டுவிடச் சொல்வேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வெற்றிலையோ பாக்கோ புகையிலையோ போடுகிறவருக்கு வாய் வரவர இறுகித் திறக்காமல் போனால், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், அது ஞானப்பல்லின் குற்றம் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. அதற்கு எந்த ஒப்பீடும் வேண்டாம். நாளைக்கே அரச வைத்தியசாலைப் பல் பிரிவுக்குப் போங்கள்.

## பெரியாஸ்பத்திரி

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற யாழ் போதனா வைத்தியசாலையில் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நேரே அங்கே போய் நிற்பதை விட, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவில் முதலில் காட்டுவது நல்லது. சாதாரணமாகக் கழற்றக்கூடிய பல்லை அங்கேயே கழற்றிவிடுவார்கள், முடியாததைக் கடிதம் தந்து அனுப்புவார்கள். சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. செய்பவர் இந்த வேலைக்கென்றே மேற்படிப்புப் படித்த நிபுணர், அல்லது அவருடைய மேற்பார்வையில் வேலை செய்கிற வைத்தியர். இருதய வருத்தக்காரரோ சிறுநீரக வருத்தக்காரரோ என்றால் அந்தந்த நிபுணரும் மயக்க மருந்துக் குழுவும் அவசர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளவுக்குள் இருக்கிறார்கள். இங்குள்ள தனியார் இடங்களில் இதெல்லாம் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம்.

மறைந்திருக்கிற செலவு நேரம்தான். கிளினிக்குக்கு ஒரு நாள், படத்துக்கு ஒரு நாள், திகதி கிடைத்துச் செய்ய ஒரு நாள், தையல் வெட்ட ஒரு நாள். மாதச் சம்பளக்காரருக்கு அது நாலு லீவு. நாள்கூலிக்குப் போகிறவருக்கு நாலு நாள் வருமானம், கூட வருகிறவருக்கும் அதேயளவு. முழு மயக்கம் தேவையென்றால் வரிசை இன்னும் நீளும், இடையில் விபத்தில் தாடை உடைந்தவரோ புற்றுநோயாளியோ வந்தால் அவருக்குத்தான் முதல் இடம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சில மருந்துகளை வெளியே பாமசியில் வாங்கச் சொல்லலாம். சனத்துக்குள்ளே வைத்தியருக்கு நின்று விளங்கப்படுத்த நேரம் குறைவு, ஆகையால் கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். "டொக்டர், படத்தில நரம்பு எவ்வளவு கிட்ட இருக்குது?" என்று கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

நெடுந்தீவு போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்கள், பல் எடுத்த அன்றைக்கே குறிகட்டுவானில் படகேறாமல் ரவுண் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்றிரண்டு இரவு தங்குவது நல்லது. இரவில் இரத்தம் கசிந்தால் கடல் தாண்டி வர முடியாது.

## யாழ்ப்பாணத்தில் தனியார்

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பல் வைத்தியரின் சொந்தக் கிளினிக். மற்றது தனியார் வைத்தியசாலையில் நிபுணரைச் சனல் பண்ணிப் போவது. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாரில் பார்க்க இலங்கையில் அனுமதி உண்டு என்பதால், காலையில் பெரியாஸ்பத்திரியில் பார்க்கிற அதே கையே பின்னேரம் தனியாரிலும் உங்கள் பல்லை எடுக்கலாம். அப்படியானால் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது கூடுதல் கெட்டித்தனத்தை அல்ல, விரும்பின திகதியையும் பின்னேர நேரத்தையும் ஆறுதலாகக் கதைக்கிற பத்து நிமிஷத்தையும். அது தேவைப்படுகிறவருக்கு அந்தக் காசு வீணில்லை. வெளிநாட்டுப் பயணத் திகதி நெருங்குகிறவருக்கு, பரீட்சைக்கு முன் முடிக்கவேண்டியவருக்கு, நாலு நாள் கடையைப் பூட்ட முடியாதவருக்கு, மொத்தக் கணக்கில் இதுவே மலிவாக வருவதும் உண்டு.

பில் எப்படி வளரும் என்று பாருங்கள். வைத்தியரைக் காட்டுகிற காசு, ஓபிஜி, சத்திரசிகிச்சைக் கட்டணம், இட வசதிக்கான கட்டணம், மருந்து, தையல் வெட்டப் போகிறபோது திரும்பவும் காட்டுகிற காசு. இவற்றில் எது சொன்ன தொகைக்குள் அடங்கும், எது அடங்காது என்று முதலே கேட்கவேண்டும். நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் நேரடியானவை: எலும்பைக் கடையத் தேவைப்பட்டால் தொகை மாறுமா, பாதியில் பல் வராமல் போனால் யாரிடம் அனுப்புவீர்கள், அப்போது கட்டின காசு என்ன ஆகும், மூன்றாம் நாள் நோ கூடினால் வந்து காட்டத் தனிக்காசா, இரவில் இரத்தம் நிற்காவிட்டால் எந்த நம்பருக்கு எடுக்கிறது. கடைசிக் கேள்விக்கு நம்பர் தராத இடத்தில் நான் கீழ் ஞானப்பல்லை வெட்டிக்கொள்ள மாட்டேன்.

வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பொதுவான பல் வைத்தியர் பல பேர் ஞானப்பல்லை நன்றாக எடுக்கிறார்கள், நேராகவோ கொஞ்சம் சரிந்தோ நிற்கிற பல்லுக்கு நிபுணர் கட்டாயமில்லை. நரம்போடு ஒட்டின பல்லுக்கும் மேலே சொன்ன வருத்தங்கள் உள்ளவருக்கும் மட்டும் நிபுணரைத்தான் தேடவேண்டும்.

அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. இது அதற்குள் வருமா, என்ன கடிதம் வேண்டும் என்று செய்வதற்கு முதலே அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு ரசீதைக் கொண்டு அலைவது வீண் வேலை.

## கொழும்பும் பேராதனையும்

கொழும்பில் வாட் பிளேசில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, பேராதனையில் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்தினுடையவை. பெரிய தனியார் வைத்தியசாலைகளும் கொழும்பில்தான் அதிகம். சாதாரண ஞானப்பல்லுக்கு இங்கிருந்து அங்கே போக ஒரு காரணமும் இல்லை என்பது என் எண்ணம். பெரிய நீர்க்கட்டி, தாடை எலும்புக் கட்டி, இங்கே நிபுணரே "அங்கே போங்கோ" என்று கடிதம் தருகிற நிலை, அல்லது கொழும்பிலேயே வேலையோ படிப்போ என்றால் சரி.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வீங்கின தாடையோடு இரவு பஸ்ஸில் வருவதை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே திரும்பினால் முதல் இரவின் இரத்தக்கசிவு வழியில் வரும், தங்கினால் இரண்டு பேருக்கு அறையும் சாப்பாடும் சேரும், தையல் வெட்டத் திரும்பப் போனால் பயணச் செலவு இரட்டிப்பாகும். தானாகக் கரைகிற தையலைக் கேட்டு வாங்கி, பிறகு பார்க்க வேண்டியதை யாழ்ப்பாணத்தில் செய்ய ஒரு கடிதமும் கேளுங்கள். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்பவர்களுக்கு இந்தக் கணக்கு இலேசாகும், ஆனாலும் ஒரு கிழமை அங்கே நிற்கலாம் என்றால்தான்.

## சென்னை

2019 நவம்பரில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்தது. அதோடு கேள்விகளும் கூடின. சென்னையில் கெட்டிக்காரத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழிலேயே எல்லாம் கதைக்கலாம், நாளைக்கு வாருங்கள் என்று திகதி தருவார்கள். தனியே பல்லுக்கான விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் மலிவாகவே தெரியும். ஆனால் இந்திய ரூபாவில் சொல்கிற தொகையை நம் காசுக்கு மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல், அதை மனக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். அதற்கு மேலே இரண்டு பேரின் ரிக்கற், விசா, அறை, ஓட்டோ. சிகிச்சைக்கென்றே போனால் மருத்துவ விசாதான் முறை.

உடுப்பு எடுக்கப் போகிற பயணத்தில் பல்லையும் எடுப்பது பற்றி: முதல் நாளே பல்லை எடுத்துவிட்டுப் பிறகு எட்டுப் பத்து நாள் நிற்கிற திட்டமென்றால் பரவாயில்லை. கடைசி நாளுக்கு முதல்நாள் எடுத்துவிட்டு விமானம் ஏறுவது கூடவே கூடாது. மூன்றாம் நாள் நோ வரும்போது எடுத்தவர் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கே உள்ளவருக்கு அவர் என்ன செய்தார் என்று தெரியாது. மேல்பல் எடுத்து மூக்கோடு தொடுகிற சைனஸ் திறந்துவிட்டால் மூக்கைச் சிந்தவும் கூடாது, வைத்தியர் சொல்லும்வரை பறக்கவும் கூடாது. ரிக்கற்றை மாற்றுகிற காசும் உங்கள் தலையில்.

தாடையை வெட்டி ஒழுங்குபடுத்துகிற பெரிய சத்திரசிகிச்சை, பல் இல்லாத இடங்களுக்கு நிறைய இம்பிளான்ற் என்று பெரிய வேலையென்றால் சென்னையையும் கணக்கில் எடுத்துப் பார்ப்பது நியாயம். ஒரு ஞானப்பல்லுக்கு அல்ல.

## பில்லில் தெரியாதவை

| | சத்திரசிகிச்சைக்குக் காசு | மறைந்த செலவு | மூன்றாம் நாள் நோ வந்தால் |
|---|---|---|---|
| பெரியாஸ்பத்திரி | இல்லை | பல நாள் லீவு, காத்திருப்பு | அதே இடம் |
| யாழ் தனியார் | உண்டு, பல்லைப் பொறுத்துப் பெரிதும் மாறும் | முழு மயக்கம், திரும்பக் காட்டுகிற காசு | அதே இடம், முதலே கேட்டிருந்தால் |
| கொழும்பு | அரசில் இல்லை, தனியாரில் அதிகம் | பயணம், தங்குமிடம், கூட வருகிறவர் | இங்கே வேறு வைத்தியர் |
| சென்னை | உண்டு | ரிக்கற், விசா, நாணய மாற்று, அறை | அங்கே நின்றால்தான் |

## யாருக்கு எது

பரீட்சை நெருங்குகிற மாணவருக்கு: பல் இப்போது நோவில்லை என்றால் பரீட்சை முடியட்டும். நோ என்றால் இப்போது கழுவி, மருந்து குடித்து அடக்கி, பரீட்சை முடிந்த கிழமைக்கே பெரியாஸ்பத்திரியில் திகதி எடுங்கள். படத்தை இன்றைக்கே எடுத்து வைத்திருந்தால் அந்த ஒரு நாள் மிச்சம்.

சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்கு: வேறு யோசனையே வேண்டாம், பெரியாஸ்பத்திரி. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிப்படுத்துவார்கள், அந்தத் தாமதத்துக்கு அலுத்துக்கொண்டு தனியாருக்கு ஓடாதீர்கள். சீனி உயர்ந்திருக்கிறபோது வெட்டினால் புண் ஆறாது, கிருமியும் இலேசாய்த் தொற்றும். விறைப்பூசிதான் என்றால், அவர் வழமையான காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வழமையான குளிசையைப் போட்டுக்கொண்டு, காலை நேரத்திலேயே போவது நல்லது. கிளினிக் கொப்பியும் குடிக்கிற குளிசைகளின் மட்டைகளும் கையில் இருக்கவேண்டும்.

நாள்கூலிக்குப் போகிற, உடம்பில் வேறு வருத்தமில்லாத இளைஞருக்கு: நாலு நாள் கூலியையும் தனியார் கிளினிக் சொல்கிற முழுத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சரிந்து மட்டும் நிற்கிற பல்லென்றால் இரண்டும் கிட்டக்கிட்ட வரலாம். எலும்புக்குள் ஆழத்தில் என்றால் அரசுதான் இலாபம். எங்கே செய்தாலும் பிறகு மூன்று நாளாவது பாரம் தூக்குகிற வேலை இல்லை, அதையும் கணக்கில் சேருங்கள்.

கீழே இரண்டு பக்கமும் எடுக்கவேண்டியவருக்கு: ஒரே நாளில் எடுத்தால் லீவு மிச்சம், ஆனால் ஒரு கிழமைக்கு எந்தப் பக்கத்தாலும் சப்ப முடியாது. ஒரு பக்கம் ஆறின பிறகு மற்றது என்று செய்தால் செலவும் லீவும் இரண்டு தடவை. வீட்டில் சமைத்துத் தர ஆள் இருந்தால் ஒரே நாள், தனியே அறையெடுத்து இருக்கிறவருக்கு இரண்டு நாள் என்பேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களும் அங்கே பல் செலவு தாங்காமல் இங்கே எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். வந்து இறங்கின முதல் கிழமையிலேயே செய்யுங்கள், தேர் முடிந்து ஏறுகிற கிழமையில் அல்ல. படத்தை அங்கேயே எடுத்து முதலே இங்குள்ள வைத்தியருக்கு அனுப்பினால் திகதியையும் தொகையையும் வருமுன்னரே பேசி முடிக்கலாம். எடுத்த பிறகு என்ன செய்தார்கள், எத்தனை தையல், என்ன மருந்து என்று ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே காட்ட வேண்டி வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.